எடைக்குப் போன எழுத்து: கொங்கு நாட்டுப் பழங்காசுகளும் அவற்றின் உலோக விலையும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் உடையது. கடைத்தெருவில் கைமாறும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். காசின் முகத்தில் பொறித்த மதிப்பும் அதனுள் இருக்கும் உலோகத்தின் மதிப்பும் ஒத்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை இச்சொல் நினைவூட்டுகிறது. அவ்விரண்டும் ஒத்திராத காலங்களே வரலாற்றில் மிகுதி. முகமதிப்பு உயர்ந்து உலோக மதிப்புத் தாழ்ந்திருந்தால் காசு ஊரெல்லாம் புழங்கும். உலோக மதிப்பு உயர்ந்துவிட்டால் காசு சந்தையிலிருந்து மறைந்து கொல்லன் மூசைக்குள் இறங்கும். அரசர் பெயரும் ஆண்டும் சின்னமும் எழுத்தும் அங்கே ஒருசேர உருகிப்போகும்.

காவிரியின் வடகரையில் வெற்றிலைக்கும் வாழைக்கும் வெல்லத்திற்கும் பெயர்பெற்ற பரமத்தி வேலூர், இவ்வரலாற்றைக் கூறுவதற்கு மிகப் பொருத்தமான இடத்தில் அமைந்துள்ளது. ஆற்றுக்கு அக்கரையில் புகழூர், அதற்குத் தெற்கே சேரர் தலைநகராகக் கருதப்படும் கரூர், வடகிழக்கே கொல்லிமலை, வடக்கே வெள்ளிக் கொலுசுத் தொழில் செழித்த சேலம். காசு பிறந்த இடமும் உருகிய இடமும் ஒரு நாள் பயணத்திற்குள் அடங்கிய நிலம் இது.

வண்ணக்கரும் பொன்வாணிகரும்

சங்கப் புலவர் பெயர்களைக் காண்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார் எனப் பலர் 'வண்ணக்கன்' என்னும் அடைமொழி பெற்றுள்ளனர். வண்ணக்கன் என்பதற்கு நாணயங்களின் மாற்றை ஆய்ந்து கூறுவோன் என்று உரைகண்டோர் பொருள் கூறுவர். பொன்னை உரைகல்லில் உரைத்து நன்று தீது காண்பதைத் தொழிலாகக் கொண்டோர் பாட்டும் புனைந்தனர். எடையறிந்தவரே எழுத்தும் அறிந்திருந்த காலம் அது.

புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இதற்கு அரண் செய்கின்றன. அவற்றுள் ஒன்று கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரைச் சுட்டுகிறது. அதே மலையில் மற்றொரு கல்வெட்டு, கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் நத்தி என்பவன் அளித்த கொடையைப் பதிவு செய்துள்ளது. வேலூர்க்கு எதிர்க்கரையிலேயே அரசன் பெயரும் பொன்வாணிகன் பெயரும் ஒரே மலையில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. சேரர் புலவர்க்கு வழங்கிய பரிசிலைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் 'காணம்' என்னும் அளவால் குறிக்கின்றன. காணம் என்பது பொற்காசின் பெயராகவும் நிறைகல்லின் பெயராகவும் வழங்கியது. காசும் எடையும் ஒன்றாகவே எண்ணப்பட்டன என்பதற்கு இச்சொல்லே சான்று.

எடையறியும் இக்கலை அயல்நாட்டுக் காசுகளிடத்தும் செயற்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கொங்கு நாட்டு உரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர் காலத்தவை. பேரரசன் நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரியவை. மாற்றுக் குறைந்த காசைத் தமிழ் வணிகர் ஏற்கவில்லை என்றே ஆய்வாளர் பலர் இதனை விளக்குவர். உரோமப் பேரரசின் ஆணை கொங்கு நாட்டு உரைகல்லின்முன் செல்லவில்லை.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவை உளியால் வெட்டுண்டிருந்தன. வெட்டு பெரும்பாலும் பேரரசனின் தலையின் குறுக்கே விழுந்திருக்கிறது. அது பொன்னின் தரம் காண இட்ட வெட்டு என்பார் சிலர். இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்கு அடையாளம் என்பார் சிலர். எவ்வாறாயினும், அரசன் முகம் இங்கே ஒரு பொருட்டாகவில்லை. அவன் பொன்னே பொருட்டாயிற்று.

வட்டம் பிடித்த காலம்

இடைக்காலக் கல்வெட்டுகளின் சொற்கள் காசின் தரத்தைப்பற்றிய ஓயாத ஐயத்தைக் காட்டுகின்றன. நெருப்பில் இட்டுச் சோதித்த பொன் 'தீப்போக்குச் செம்பொன்' எனப்பட்டது. அன்றைய நாளில் வழங்கும் குறைவற்ற காசு 'அன்றாடு நற்காசு' எனப்பட்டது. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் 'பழஞ்சலாகை அச்சு' என்னும் காசுப் பெயர் வருகிறது. பழமை என்பது அக்காலத்தில் இகழ்ச்சியன்று. பழங்காசில் பொன் மிகுதி என்ற நம்பிக்கையே அப்பெயர்களில் வாழ்ந்தது.

மைசூர் அரசின் ஆட்சி கொங்கில் பரவியபோது, கண்டீரவ நரசராசன் பெயர் தாங்கிய கண்டீரவப் பணமும் உடன் வந்தது. மிளகு அளவே உள்ள அந்தப் பொற்பணம் விரலிடுக்கில் நழுவினால் மண்ணில் தேடி எடுப்பது அரிது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் ஆங்கிலக் கும்பினியார் வசமாயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரி வகுத்த அந்நாளில், குடியானவன் மடியில் பல அரசுகளின் பணங்கள் கலந்து கிடந்தன. தேய்ந்த பணத்திற்கும் அயல் அச்சுக்கும் 'வட்டம்' பிடிக்கப்பட்டது. எத்தனை பணம் என்று எண்ணியபின், எவ்வளவு எடை, எவ்வளவு மாற்று என்று மற்றொரு கணக்கு எழுந்தது. இரண்டாவது கணக்கைக் காசுக்கடைக்காரரே அறிவர். அதன் இழப்பை உழவரே அறிவர்.

சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கிடப்பட்டது. 1818இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் தலைமை நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என மாற்று விகிதம் குறிக்கப்பட்டது. பழைய பொற்பணங்களும் வராகன்களும் வழக்கொழிந்து, அணிகலனாகவும் பொற்கட்டியாகவும் உருமாறலாயின. காசு மாலையில் கோத்தவை மட்டும் உருவோடு பிழைத்தன.

வெள்ளி ரூபாயும் உழவர் சேமிப்பும்

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை 180 குன்றிமணி நிறை அன்று, 180 ஆங்கிலக் கிரெய்ன். அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. காசே எடைக்கல்லும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று சந்தைகளில் வெல்லமும் புளியும் நிறுக்கப்பட்டன. தராசின் ஒரு தட்டில் சரக்கும் மறுதட்டில் ரூபாயும் இருந்த காலம் அது.

வெள்ளியை நாணயசாலைக்குக் கொண்டு சென்று, சிறு கட்டணம் செலுத்தி ரூபாயாக்கிக்கொள்ளும் உரிமை அப்போது எவர்க்கும் இருந்தது. ஆகவே ரூபாயை உருக்கித் தண்டையாக்கினாலும், தண்டையை உருக்கி ரூபாயாக்கினாலும் பேரிழப்பு இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் ரூபாய் மனைவி மக்களின் கால்களில் ஏறியது. மழை பொய்த்த ஆண்டில் கால்களிலிருந்து இறங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கி மக்கள்தொகையைப் பெருமளவு குறைத்தது. அப்பஞ்ச ஆண்டுகளில் ஏழை மக்களின் வெள்ளி அணிகலன்கள் திரள்திரளாக நாணயசாலையை அடைந்தன. அணிகலன் அங்கே அழகுப்பொருளன்று, காப்புறுதி.

1873க்குப் பின் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியத் தொடங்கியது. 1893இல், எர்செல் குழுவின் பரிந்துரைப்படி, பொதுமக்கள் கொணரும் வெள்ளியை ரூபாயாக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. அன்றோடு ரூபாயின் முகமதிப்பும் உலோக மதிப்பும் பிரிந்தன. ரூபாயின் மதிப்பு பின்னர் 16 பென்ஸ் என நிலைபெற்றது; ஆயின் நூற்றாண்டின் இறுதியில் அதிலிருந்த வெள்ளியின் விலை ஏறத்தாழ 10 பென்ஸ் மட்டுமே.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்து ரூபாயை உருக்கித் தன் மகளுக்குத் தண்டை செய்த குடியானவன், அடுத்த பஞ்சத்தில் அதனை விற்கச் சென்றான். கையில் கிடைத்தது ஆறு ரூபாய்ச் சொச்சம். வெள்ளியின் எடை மாறவில்லை, மாற்றும் மாறவில்லை. இலண்டனிலும் கல்கத்தாவிலும் எழுதப்பட்ட ஓர் ஆணை, அவன் வீட்டுச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டு சென்றது. உலோக விலையின் வரலாறு வணிகர் வரலாறு மட்டுமன்று. எளியோர் வீட்டுப் பெட்டியின் வரலாறும் ஆகும்.

உலகப் போரும் உலைக்களமும்

முதல் உலகப் போர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. போர்ச்செலவிற்காக ரூபாய் மிகுதியாகத் தேவைப்பட்டது, வெள்ளியோ அரிதாயிற்று. இலண்டனில் வெள்ளி அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டினால், 16 பென்ஸ் மதிப்புள்ள ரூபாயை உருக்குவது ஆதாயம் ஆகிவிடும். 1917இல் அந்த எல்லை கடக்கப்பட்டது; 1920 பிப்ரவரியில் விலை 89½ பென்ஸ் வரை ஏறியது. ரூபாயை உருக்குவதற்கு அரசு 1917இல் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டணாவும் நாலணாவும் எட்டணாவும் வெள்ளியை இழந்து செம்பு-நிக்கல் கலவைக்கு மாறின.

1918இல் அமெரிக்க நாட்டில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி அந்நாட்டுக் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, 20 கோடி அவுன்ஸ் வெள்ளி இந்திய நாணயத் தேவைக்காக விற்கப்பட்டது. அமெரிக்கச் சுதந்திர தேவியின் முகம் உருகி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகமாயிற்று. அவ்வெள்ளி ரூபாய்களில் எத்தனையோ பின்னாளில் சேலத்துப் பட்டறைகளில் மீண்டும் உருகிக் கொலுசாயிருத்தல் கூடும். உலோகத்திற்கு நாடும் மொழியும் இல்லை. பொறிப்புக்கே அவை உண்டு.

இரண்டாம் உலகப் போரிலும் இதே கதை நிகழ்ந்தது. 1940இல் ரூபாயின் வெள்ளி நூற்றுக்கு ஐம்பதாகக் குறைந்தது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் பழைய ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாதவை ஆயின. 1947இல் ரூபாய் வெள்ளியை முற்றிலும் துறந்து நிக்கல் ஆயிற்று. மாற்றாமல் வைத்திருந்த பழைய ரூபாய்கள் அன்றுமுதல் வெள்ளிக்கட்டிகளாகவே பானைகளிலும் பெட்டிகளிலும் உறங்கின.

காலணாவின் வரலாறு இன்னும் தெளிவானது. 1835இல் செப்புக் காலணா 100 கிரெய்ன் எடை கொண்டது. 64 காலணா ஒரு ரூபாய் ஆதலின், ஒரு ரூபாய்ச் சில்லறையில் ஏறத்தாழ 415 கிராம் செம்பு இருந்தது. 1906இல் வெண்கலக் காலணாவின் எடை 75 கிரெய்ன் ஆயிற்று. 1943இல் நடுவே துளையிட்ட காலணா வந்தபோது எடை 30 கிரெய்ன் மட்டுமே. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 124 கிராம். போருக்கு வேண்டிய செம்பை அத்துளையின் வழியே அரசு எடுத்துக்கொண்டது. 'ஓட்டைக் காலணா' பயனற்றவனைக் குறிக்கும் வசையாகத் தமிழ் வழக்கில் நிலைத்தது. மக்களோ அதனைத் திருகாணிக்கு அடியில் இடும் வளையமாக்கிப் பயன்கொண்டனர். உலோக விலையை அரசைப் போலவே மக்களும் கண்டுகொண்டனர்.

விடுதலைக்குப் பின்

1957 ஏப்ரல் 1 முதல் நூறு காசு ஒரு ரூபாய் என்னும் பதின்மக் கணக்கு வந்தது. ஒரு காசு வெண்கலத்தில் பிறந்து, 1962இல் நிக்கல் கலந்த பித்தளையாகி, 1965இல் அலுமினியம் ஆயிற்று. மூன்றே உலோகங்களில் அதன் இறங்குமுகம் முடிந்தது. தாமரை பொறித்த பித்தளை இருபது காசு 1968 முதல் 1971 வரை வெளிவந்தது. சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்தமையால், சிறு நாணயங்களை உருக்குவதையும் அதற்காகப் பதுக்குவதையும் குற்றமாக்கும் தனிச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது.

'பழைய இரும்பு, பித்தளை, ஈயத்துக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவித் தெருத்தெருவாக வந்த வாணிகம் தமிழக ஊர்கள் பலவற்றில் நெடுங்காலம் நடந்தது. ஓட்டைக் காலணாவும் துருப்பிடித்த பூட்டும் உடைந்த குத்துவிளக்கும் ஒரே சாக்கில் விழுந்தன. தராசு அவற்றுக்குள் வேறுபாடு காணவில்லை.

1992இல் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. அதன் பின்னும் உருக்குதல் ஓயவில்லை. இந்திய நாணயங்கள் வங்கதேசத்திற்குக் கடத்தப்பட்டுச் சவர அலகுகளாக்கப்படுகின்றன என 2007இல் செய்திகள் வந்தன. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 சூன் 30ஆம் நாளோடு செல்லாதவை ஆயின. அவ்வாண்டே இயற்றப்பட்ட நாணயச் சட்டம், நாணயத்தை உருக்குவதற்கும் அழிப்பதற்கும் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்தது.

எழுத்தின் விலை

இதுகாறும் கூறியவை முகமதிப்பும் உலோக மதிப்பும் நடத்திய போராட்டம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் விலை ஒன்று உண்டு. அதுவே எழுத்தின் விலை.

சங்ககாலத் தமிழ் வேந்தர் தமக்கெனக் காசு வெளியிட்டிலர், உரோமக் காசையும் முத்திரைக் காசையும் கொண்டே வாணிகம் நடத்தினர் என்று வரலாற்றாசிரியர் பலர் நெடுநாள் எழுதிவந்தனர். 1980களில் 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் செப்புக்காசு வெளிப்பட்டபோது அக்கருத்துத் தளர்ந்தது. தொடர்ந்து 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகளும், 'கொல்லிப்பொறை' என்னும் பெயர் தாங்கிய காசும் கரூர்ப் பகுதியில் கிடைத்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி, ஐராவதம் மகாதேவன், இரா. நாகசாமி முதலியோரின் ஆய்வுகள் இவற்றின் பொருளை உலகறியச் செய்தன. கொல்லி என்பது நாமக்கல் நிலத்தவர் நாள்தோறும் காணும் மலையின் பெயர். பாட்டில் மட்டுமே வாழ்ந்த அப்பெயர், அரசனின் சொந்த வெளியீடாகக் காசில் நின்று சான்று பகர்ந்தது.

இக்காசுகளில் மிகுதியானவை அரண்மனை இடிபாடுகளில் கிடைக்கவில்லை. அமராவதி ஆற்று மணலில் கிடைத்தன. வெள்ளம் வடிந்தபின் மணலைச் சலித்து உலோகத் துணுக்குத் தேடும் எளிய மக்களே அவற்றை முதலில் கண்டவர்கள். அவர்கள் கையிலிருந்து காசு இரு வழிகளில் சென்றது. ஒரு வழி எழுத்தறிந்து சேர்ப்போரிடம். மறுவழி எடைபார்த்து வாங்குவோரிடம். முதல் வழியில் சென்றவை வரலாறு ஆயின. மறுவழியில் சென்றவற்றில் எவ்வெப்பெயர்கள் இருந்தன என்பதை இனி எவரும் கூற இயலாது.

இத்தகைய இழப்பு கொங்கிற்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் 1847இல் உரோமப் பொற்காசுப் புதையல் ஒன்று வெளிப்பட்டது. ஐந்து கூலியாள் சுமை எனப் பேசப்பட்ட அப்புதையலில் பெருந்தொகை பொற்கொல்லர் உலையை அடைந்தபின்னரே அறிஞர் பார்வைக்கு எஞ்சியது வந்தது.

சட்டம் இதற்கு என்ன செய்தது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. உரிமையாளர் வேறு எவரும் இல்லையாயின், கண்டெடுத்தோர்க்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியோர்க்குக் கால் பங்கும் சேர வகைசெய்கிறது. அரசு அதனைத் தனக்கென எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தல் வேண்டும்.

இவ்விதியின் உட்பொருள் நோக்கத்தக்கது. பொற்காசாயின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொகையே. உலைக்குச் செல்ல இருந்ததை அது தடுத்து நிறுத்தும். செப்புக்காசின் நிலை வேறு. நான்கு கிராம் எடையுள்ள செப்புக்காசு 250 சேர்ந்தாலே ஒரு கிலோ ஆகும். அத்தனை காசையும் ஆட்சியர் அலுவலகத்திற்குச் சுமந்து செல்லும் கூலித்தொழிலாளிக்குக் கிடைப்பது ஒரு கிலோ செம்பின் விலையும் சிறிது மிச்சமும். அவன் இழக்கும் நாள்கூலிகளை எண்ணினால் பழைய உலோகக் கடையே அவனுக்கு அருகில் இருக்கிறது. ஆயின், பெருவழுதியின் பெயரைத் தந்தது பொற்காசன்று, செப்புக்காசே. எழுத்து மிகுதியாக இருக்கும் இடத்தில் உலோக விலை மிகக் குறைவு. சட்டம் எடை போட்டது, எழுத்தைப் படிக்கவில்லை.

இதற்கு மறுமுனையில் மற்றொரு மயக்கமும் வளர்ந்துள்ளது. பழைய காசு ஒன்றுக்கு இலட்சக்கணக்கில் பணம் தருவதாக ஆசைகாட்டி, கட்டணம் என்றும் வரி என்றும் கூறி முன்பணம் பறிக்கும் மோசடிகள் பெருகியமையால், இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. ஒன்றுமில்லை என்று எடைக்குப் போடுவதும், கோடி பெறும் என்று ஏமாறுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். காசை எவரும் படித்துப் பார்க்கவில்லை என்பதே இரண்டிற்கும் காரணம்.

முடிவுரை

உலோக மதிப்பு இழிவானதன்று. பஞ்சத்தில் உயிர் காத்தது அம்மதிப்பே. மாற்றுக் குறைந்த அரசாணையை மறுத்து நிற்கும் துணிவை வணிகர்க்குத் தந்ததும் அம்மதிப்பே. கண்டெடுத்த காசை எடைக்கு விற்கும் ஏழையைப் பழிப்பதும் அறமாகாது. அவனுக்கு அடுப்பெரிய வேண்டும். எழுத்துக்கும் ஒரு விலை உண்டு என்று அவனுக்குச் சொல்லி, அவ்விலையை அவன் கையில் கொடுக்கும் ஏற்பாடே குறைவு. கண்டெடுத்தோர்க்கு எடைக்கேற்ப அன்றி அரிய தன்மைக்கேற்பப் பரிசில் வழங்கும் முறை வருமாயின், ஆற்று மணலில் குனிந்திருப்போரே தமிழ் வரலாற்றின் முதற் காவலர் ஆவர்.

அதுவரை, எழுத்தறிந்தோர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஊர்தோறும் பழைய உலோகக் கடைகளும் பாத்திரப் பட்டறைகளும் உள்ளன. மூசைக்குள் இறங்குமுன் ஒரு பிடி செப்புக்காசைக் கையில் வாங்கிப் புளியிட்டுத் துலக்கிப் பார்ப்பதை விட, துலக்காமலே அறிந்தோரிடம் காட்டுவது நன்று. துலக்குதலும் எழுத்தைத் தேய்க்கும். படமெடுத்து, எடை குறித்து, கிடைத்த இடம் எழுதி வைத்தால், காசு பின்னர் எங்குச் சென்றாலும் செய்தி எஞ்சும். முற்காலத்தில் வண்ணக்கர் புலவராகவும் விளங்கினர். இக்காலத்தில் புலவர் சிறிது வண்ணக்கராகவும் விளங்குவாராயின், காவிரிக் கரையிலும் அமராவதிக் கரையிலும் இன்னும் மணலுக்குள் கிடக்கும் பெயர்கள் எடைக்குப் போகாமல் ஏட்டுக்கு வரும்.